ஆர்மேனியன் தெரு அந்தோணியாரும் தண்டல் கடனும்

2 ஜூன் 2025

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "செவ்வாய்க்கிழமை பாரிமுனைப் பக்கம் போனால் ஆர்மேனியன் தெருவில் கால் வைக்க இடமில்லை. அந்தோணியாருக்கு ஏன் செவ்வாய்? முருகனுக்கும் அம்மனுக்கும் செவ்வாய் என்பதால் நம் ஆட்கள் இவருக்கும் அதையே கொடுத்துவிட்டார்களா?"

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தக் கிழமை இத்தாலியிலிருந்து வந்தது. பதுவா அந்தோணியார் 1231 ஜூன் 13, வெள்ளிக்கிழமை இறந்தார். உடல் யாருக்கு என்று ஊருக்குள்ளேயே அடிதடி. அது ஓய்ந்து, 17-ஆம் தேதி செவ்வாய்க்கிழமைதான் அடக்கம் நடந்தது. பிறகு 1617-இல் போலோன்யா நகரத்தில் ஒரு பெண்ணின் கனவில் அவர் வந்து, ஒன்பது செவ்வாய் தன் கோவிலுக்கு வரச் சொன்னதாக ஒரு கதை. அங்கிருந்து ஒன்பது செவ்வாய், அப்புறம் பதின்மூன்று செவ்வாய் என்று பரவியது. இந்த ஆண்டு ஜூன் 13 வெள்ளி, 17 செவ்வாய். கிழமை அச்சு அசலாக அப்படியே விழுகிறது.

நம் ஊரில் இவ்வளவு சீக்கிரம் வேர்பிடித்ததற்குச் செவ்வாயின் பழைய மதிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். அதை மறுக்கவில்லை.

3 ஜூன்

நேற்று எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "அதெல்லாம் இருக்கட்டும். அவர்கிட்ட போனா கடன் தீரும்னு ஏன் எழுதலை?" என்றார்.

நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனால் தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் செவ்வாய்க்கிழமைக்காரிகள் நிறைய. மெழுகுவர்த்தி, உப்பு, மிளகு, மல்லிகைப்பூ வாங்கிக்கொண்டு போய், சுரூபத்தின் காலைத் தொட்டுவிட்டு, சீட்டில் வேண்டுதலை எழுதிப் போட்டுவிட்டு வருவார்கள். பொண்ணுக்கு வரன், பையனுக்கு வேலை எல்லாம் உண்டு. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது பேசுவது பெரும்பாலும் பணம்.

அப்பா காசிமேட்டில் ஐஸ் வியாபாரம் செய்தபோது தண்டல் வாங்கினார். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். பத்தாயிரம் என்று பேசி எட்டாயிரத்து ஐந்நூறு கையில் தருவார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். பார்க்கச் சின்னத் தொகை. உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டிவிடும். ஒரு நாள் தவறினால் வீட்டு வாசலில் வண்டி நிற்கும். புயல் எச்சரிக்கை வந்து படகுகள் கடலுக்குப் போகாத நாளிலும் நிற்கும். அம்மா ஆர்மேனியன் தெருவுக்குப் போக ஆரம்பித்தது அந்தக் காலத்தில்தான். கடன் தீர்ந்தது. தீர்த்தது அந்தோணியாரா, அம்மாவின் வளையலா என்று எங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை.

5 ஜூன்

"காணாமல் போன சாவிக்குத்தானே அந்தோணியார்? கடனுக்கு எப்படி?" என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

சாவிக் கதை முதலில். அவரிடம் வேதாகமத்தின் சங்கீதப் பாடல்கள் அடங்கிய ஒரு புத்தகம் இருந்தது. பாடம் நடத்துவதற்கான குறிப்புகளை அதன் ஓரத்தில் எழுதி வைத்திருந்தார். அச்சு இல்லாத காலம், போனால் போனதுதான். மடத்தை விட்டு ஓடிய ஒரு இளைஞன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். இவர் செபித்தார், அவன் திருப்பிக் கொண்டுவந்தான். இவ்வளவுதான் சங்கதி. இதிலிருந்து தொலைந்த குடை வரைக்கும் வந்துவிட்டோம்.

வாழ்க்கை இதைவிடக் கனமானது. 1195-இல் லிஸ்பனில் வசதியான வீட்டில் பெர்னாந்து என்ற பெயரில் பிறந்தவர். அகுஸ்தீன் சபை மடத்தில் படித்துக்கொண்டிருந்தார். 1220-இல் மொராக்கோவில் கொல்லப்பட்ட ஐந்து பிரான்சிஸ்கன் துறவிகளின் உடல்கள் போர்த்துகலின் கொய்ம்பிரா நகருக்கு வந்தன. அதைப் பார்த்துவிட்டுச் சபை மாறினார். தானும் மொராக்கோ போய் மறைசாட்சியாகச் சாக வேண்டும் என்று கிளம்பினார். அங்கே அவருக்குக் கிடைத்தது நோய் மட்டும்தான். திரும்பிய கப்பலைக் காற்று சிசிலிக்குத் தள்ளிவிட்டது. இத்தாலியில் பெயர் தெரியாத ஆளாக ஒரு சின்ன மடத்தில் எடுபிடி வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, 1222-இல் ஃபோர்லி என்ற ஊரில், வேறு யாரும் தயாராக வராததால் எழுந்து பேசச் சொன்னார்கள். அதற்குப் பிறகு பேச்சை நிறுத்த விடவில்லை.

அந்தப் பேச்சுகளில் வட்டிக்காரர்களை அவர் விட்டதே இல்லை. 1231 மார்ச்சில், சாவதற்கு மூன்று மாதம் முன்பு, பதுவா நகரம் ஒரு சட்டம் போட்டது. கடன்பட்டவன் தன் உடைமைகளை ஒப்படைத்துவிட்டால் அவனைச் சிறையில் வைக்கக் கூடாது. அந்தோணி சகோதரர் கேட்டுக்கொண்டதன் பேரில் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்பு, கடனை அடைக்கும்வரை உள்ளேதான்.

கஞ்சன் கதை ஒன்றும் இருக்கிறது. ஒரு பணக்காரன் சாவில் இவர் பேசுகிறார்: "இவன் நெஞ்சு இங்கே இல்லை, பணப்பெட்டியில் பாருங்கள்." திறந்தால் காசுக்கு நடுவில் இதயம். பதுவா பெரிய கோவிலில் தொனத்தெல்லோ இந்தக் காட்சியை வெண்கலத்தில் வார்த்திருக்கிறார். நடந்ததா என்று கேட்காதீர்கள். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் அவரைப் பற்றி இப்படி ஒரு கதையைத்தான் சொல்ல விரும்பினார்கள்.

ஆக, அம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. இவர் முதலில் கடன்பட்டவர்களின் புனிதர். சாவி, குடை எல்லாம் பிறகு.

6 ஜூன்

"எங்க ஊர் அந்தோணியார் நரைத்த தாடியோட, பக்கத்துல பன்றியோட இருக்காரே?"

தம்பி, அவர் வேறு. வனத்து அந்தோணியார், எகிப்துக்காரர். இவருக்கு ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு மூத்தவர். நிலத்தை எல்லாம் கொடுத்துவிட்டுப் பாலைவனத்துக்குப் போனவர். 356-இல் இறந்தபோது வயது 105 என்று அவர் வரலாற்றை எழுதிய அத்தனாசியார் சொல்கிறார். திருநாள் ஜனவரி 17. பன்றி அவருடையது இல்லை. பின்னாளில் அவர் பெயரில் மருத்துவமனை நடத்திய ஐரோப்பியத் துறவிகள் வளர்த்தது. கையில் குழந்தை இயேசு, லீலி மலர், மழித்த முகம் என்றால் பதுவாக்காரர். தாடி, கைத்தடி, மணி என்றால் வனத்தார்.



9 ஜூன்

ரிமினி நகரத்தில் மனிதர்கள் காதுகொடுக்காததால் இவர் கடற்கரைக்குப் போய் மீன்களிடம் பேசினார், மீன்கள் தலையைத் தூக்கிக் கேட்டன என்பார்கள். இதைக் காசிமேட்டில் ஏலம் எடுக்கும் ஒரு அண்ணனிடம் சொன்னேன். "வஞ்சிரம் கேட்டிருக்கும். சங்கரா எதையும் கேக்காது" என்றார்.

14 ஜூன்

நேற்று திருநாள். அம்மா போய்வந்தார். ரொட்டி வாங்கி வந்தார். கூட்டம் பற்றி எழுதச் சொல்லாதீர்கள், நான் போகவில்லை.

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார், "புனிதர்களை வட்டிக்கடையில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்" என்று. ஐயா, நான் நிறுத்தவில்லை. அவர்களே போய் நின்றார்கள். நம் கையில் கிடைக்கும் சின்னச் சின்ன வரலாற்றுப் புத்தகங்களில் அற்புதம் இருக்கும், தரிசனம் இருக்கும், வாதை இருக்கும். காசு மட்டும் இருக்காது. அந்த ஆள் எதைச் சாப்பிட்டார், யாருக்கு எவ்வளவு தர வேண்டியிருந்தது என்று கேட்டால்தான் ஆள் கண்ணுக்குத் தெரிகிறார். எனக்கு அப்படித்தான்.

21 ஜூன்

கடன் சிறை என்றதும் நினைவுக்கு வரும் நம்மூர் ஆள் ஒருவர் உண்டு. வேப்பேரி பப்ரிசியுஸ் பாதிரியார். வேப்பேரி வடசென்னையா என்று சண்டை வேண்டாம், பேசின் பிரிட்ஜிலிருந்து கூப்பிடு தூரம்.

யொகான் பிலிப் பப்ரிசியுஸ், ஜெர்மன்காரர், லுத்தரன் என்ற புராட்டஸ்டண்ட் சபைக்காரர். பிறந்தது 1711. 1742-இல் சென்னை மிஷனுக்கு வந்தார். 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் நகரத்தைப் பிடித்தபோது அவருடைய கோவில் போய்விட்டது. பிறகு வேப்பேரியில் நிலைத்தார். 1761-இல் ஆங்கிலேயர்கள் பாண்டிச்சேரியைப் பிடித்து அங்கிருந்த அச்சு இயந்திரத்தைத் தூக்கி வந்தார்கள். அதை ஓட்டத் தெரிந்தவர்கள் வேப்பேரியில்தான் இருந்தார்கள். அந்த அச்சகத்திலிருந்துதான் 1779-இல் அவருடைய தமிழ் ஆங்கில அகராதி வந்தது. வேதாகமத்தைத் தமிழில் திருத்தித் திருத்தி எழுதியே பல ஆண்டுகளைக் கழித்தார். லுத்தரன் கோவில்களில் இன்றும் அவருடைய ஞானப்பாட்டுகளைப் பாடுகிறார்கள். புரசைவாக்கத்தில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருக்கிறது.

இந்த மனிதருக்கு வயதான காலத்தில் கடன் சிறை.

அவர் தனக்காகச் செலவழித்தவர் இல்லை. கல்யாணம் கூடச் செய்துகொள்ளவில்லை. பாதிரியார் நல்லவர் என்று நம்பிப் பலர் பணத்தை அவரிடம் ஒப்படைத்தார்கள். மிஷன் பணமும் இருந்தது. அதை அவர் வட்டிக்குக் கொடுத்தார். வட்டியில் மிஷன் நடக்கும், கொடுத்தவர்களுக்கும் லாபம் வரும் என்ற கணக்கு. அந்தக் காலத்துச் சென்னையில் கடன் வாங்காத பெரிய மனிதர் இல்லை. ஆற்காட்டு நவாபே கழுத்துவரை கடனில் இருந்தார். வாங்கியவர்கள் திருப்பவில்லை. கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சொல்லைச் சொல்லாக நிறுத்துப் பார்த்து மொழிபெயர்த்தவருக்கு ஒரு கடன் பத்திரத்தை நிறுத்துப் பார்க்கத் தெரியவில்லை.

1788-இல் வேப்பேரிப் பொறுப்பு கெரிக்கே பாதிரியாரிடம் போனது. 1791 ஜனவரியில் பப்ரிசியுஸ் இறந்தார். அவரைப் பற்றிய பேச்சுகளில் அகராதி வரும், பாட்டு வரும். சிறை வந்தால் ஒரு வரியில் வரும், அதுவும் கொஞ்சம் கூச்சத்தோடு. எனக்கு அந்தக் கூச்சம் பிடிக்கவில்லை. அந்த ஆளை எனக்கு நெருக்கமாக்கியதே அந்த ஒரு வரிதான்.

பதுவா சட்டம் சென்னையில் இருந்திருந்தால் அவர் வெளியில் இருந்திருப்பார். 560 ஆண்டு இடைவெளி, இருவரும் வேறு வேறு சபை. ஒரு லுத்தரன் பாதிரியாருக்காக அந்தோணியாரிடம் வேண்டிக்கொள்ளலாமா என்று எந்த ஃபாதரும் எனக்குச் சொல்லவில்லை.

22 ஜூன்

மேலே எழுதியதில் ஒன்றை நானே இழுத்துப் பார்க்கிறேன். பப்ரிசியுஸிடம் பணம் கொடுத்து இழந்தவர்கள்? அவர்களுக்கு அகராதியால் என்ன லாபம்? அவர் நல்லவர் என்பதால் அவர்கள் நஷ்டம் நஷ்டமில்லை என்று ஆகாது. எங்கள் தெருவிலும் சீட்டு பிடித்த ஒரு அக்கா, ரொம்ப நல்லவர், கடைசியில் இரவோடு இரவாக ஊரை விட்டுப் போனார். நல்லவர் என்றுதான் எல்லோரும் கட்டினோம். பாதிரியாராவது ஓடவில்லை, உள்ளே போனார்.

25 ஜூன்

வேப்பேரி மிஷனுக்கு இடம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தார்கள். அது ஒரு ஆர்மேனிய வணிகர் கட்டிய கத்தோலிக்கக் கோவில். கோஜா பெத்ரூஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலமும், பரங்கிமலைக்குப் படிக்கட்டும் இவர் காசில் வந்தவை. 1749-இல் சென்னை மறுபடி ஆங்கிலேயர் கைக்கு வந்ததும், கத்தோலிக்கச் சாமியார்கள் பிரெஞ்சுக்காரர்களுக்கு உளவு பார்த்தார்கள் என்று சொல்லி அவர்களை விரட்டினார்கள். உஸ்கான் கட்டிய வேப்பேரிக் கோவில் 1752-இல் புராட்டஸ்டண்ட் மிஷனுக்குக் கைமாறியது. உஸ்கான் அதற்கு முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அவரைப் புதைத்ததும் அங்கேயே. தன் காசில் கட்டிய கோவிலில், அடுத்த சபையின் பாட்டைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார்.

2 ஜூலை

ஆர்மேனியன் தெருக் கோவிலை வளர்த்த கப்புச்சின் துறவிகளைப் பற்றி யாருமே பேசுவதில்லை. அந்தச் சபையில் சென்னைக்கு முதலில் வந்தவர் நெவேர் எப்ரேம், பிரெஞ்சுக்காரர். பர்மாவின் பெகு நாட்டுக்குப் போகக் கிளம்பியவர். 1642-இல் வழியில் சென்னையில் இறங்கினார். கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள், "நீங்கள் இங்கேயே இருங்கள், எங்கள் போர்த்துகீசியக் குடிமக்களுக்குச் சாமியார் வேண்டும்" என்று பிடித்துவைத்துக்கொண்டார்கள். கோட்டை கட்ட ஆரம்பித்து இரண்டே ஆண்டு ஆகியிருந்தது. பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் பாடம் சொல்லிக்கொடுத்தார்.

சாந்தோமில் இருந்த போர்த்துகீசியருக்கு இது பொறுக்கவில்லை. அவர்கள் அனுமதி இல்லாமல் இன்னொரு நாட்டுச் சாமியார் எப்படி வரலாம்? 1649-இல் தந்திரமாக வரவழைத்துப் பிடித்து, கோவாவில் மதவிசாரணைச் சிறையில் அடைத்தார்கள். கோல்கொண்டா சுல்தான் வரைக்கும் போய் நெருக்கடி கொடுத்த பிறகுதான் விட்டார்கள். கத்தோலிக்கச் சாமியாரை விடுவிக்கப் புராட்டஸ்டண்ட் கம்பெனியும் முஸ்லிம் அரசும் பாடுபட்டன, அடைத்தவர்கள் கத்தோலிக்கர்கள். திரும்பி வந்து சாகும்வரை சென்னையிலேயே இருந்தார். பெகுவுக்குப் போகவே இல்லை.

3 ஜூலை

அதே தெருவில், அதே வரிசையில் ஆர்மேனியக் கோவில். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் நூறில் ஒருவர் உள்ளே எட்டிப்பார்ப்பாரா என்பது சந்தேகம். ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற குருவானவரின் கல்லறை அங்கே இருக்கிறது. ஈரானின் ஷிராஸ் ஊர்க்காரர். இரண்டு மகன்களை ஒரே வாரத்தில் பறிகொடுத்து, கொஞ்ச காலம் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்கி, பிறகு சென்னைக்கு வந்து அச்சகம் வைத்தார். 1794-இல் 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கினார். உலகத்திலேயே முதல் ஆர்மேனிய மொழி இதழ் அதுதான். ஆர்மேனியாவில் வரவில்லை, பிராட்வேக்குப் பக்கத்தில் வந்தது. 1796-இல் நின்றுவிட்டது. இதழ் நடத்திப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

14 ஜூலை

"பெரம்பூர் லூர்து மாதாவை விட்டுவிட்டீர்களே?"

விடவில்லை. மாதாவைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். அந்த மாதாவைப் பிரான்சின் லூர்து ஊரில் காட்சியாகக் கண்ட பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன், பெர்னதெத். 1844-இல் மாவு மில் வைத்திருந்த வீட்டில் பிறந்தவள். அப்பாவுக்கு வியாபாரம் நொடித்தது. வாடகை கொடுக்க முடியாமல் வீடு மாறி மாறி, கடைசியில் குடும்பம் முழுவதும் ஒரே அறையில். அந்த அறை ஊரின் பழைய சிறை. ஈரமாக இருக்கிறது என்று கைதிகளையே வைக்காமல் விட்ட அறை. 1857-இல் மாவு மூட்டை திருடினார் என்று அப்பாவைப் பிடித்துப் போய்ச் சில நாள் உள்ளே வைத்தார்கள், ஆதாரம் இல்லாமல் விட்டார்கள். ஏழைதான், எடுத்திருப்பான் என்ற நியாயம். அடுத்த ஆண்டு பிப்ரவரி 11-இல் அந்தப் பெண் விறகு பொறுக்கப் போன இடத்தில்தான் முதல் காட்சி. மொத்தம் 18 முறை.

பெரம்பூர்க் கெபியில், அதாவது குகைக் கோவிலில், முழந்தாளிட்டிருக்கும் பெண் சுரூபத்துக்கு முக்காடும் ஜெபமாலையும் இருக்கிறது. அந்த அறையை எப்படிச் செதுக்குவது? வந்து குவிந்தவர்கள் காசு கொடுத்தார்கள். அவள் தொடவில்லை, தம்பிதங்கைகளையும் தொடவிடவில்லை. வாடகை பாக்கி வைத்த வீட்டுப் பிள்ளை நீட்டிய காசை வேண்டாம் என்று சொல்வது என்னவென்று எனக்குக் கொஞ்சம் தெரியும். 18 முறை கண்டதைவிட எனக்கு அது பெரிது. 1866-இல் நெவேர் மடத்தில் சேர்ந்து, 1879-இல் 35 வயதில் இறந்தாள். அதே நெவேர்தான், எப்ரேம் சாமியார் பெயரில் இருப்பது.

20 ஜூலை

லேசான ஒன்று. சவேரியார் முத்துக்குளித்துறையில் இருந்தபோது உபதேசியார்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசில்லை. அந்தக் கடற்கரை வரிப்பணத்தில் 4000 பொற்பணம் போர்த்துகல் ராணியின் காலணிச் செலவுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். அதைத் தனக்குக் கொடுக்கும்படி ராணிக்கே எழுதினார். மோட்சத்துக்கு ஏறிப்போக இந்தப் பிள்ளைகளைவிட நல்ல செருப்பு உங்களுக்குக் கிடைக்காது என்கிற பாணியில். கிடைத்தது. மீனவர்கள் கட்டிய வரியில் ராணிக்குச் செருப்பு என்பதைக் காசிமேட்டு அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.

இத்தாலியச் சாமியார் தொன்போஸ்கோ, கட்டடம் கட்டக் கடன்மேல் கடன் வாங்கி, லாட்டரி நடத்தி அடைத்தார். குலுக்கல் சீட்டை மந்திரி, பிரபு, கர்தினால் என்று ஒருவர் விடாமல் தள்ளிவிடுவார். 2003-க்குப் பிறகு தமிழ்நாட்டில் செய்திருந்தால் போலீஸ் வந்திருக்கும். அவர் சபையைச் சேர்ந்த இத்தாலியர் ஒர்ஃபேயோ மந்தோவானி சாமியார்தான் 1960-களில் வியாசர்பாடியில் ஏழைகளுக்கும் நோயாளிகளுக்கும் இடம் ஏற்படுத்தினார். எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்னும் அவரைப் பற்றிப் பேசுவார்கள்.

3 ஆகஸ்ட்

சவுகார்பேட்டை அடகுக்கடையில் அம்மாவின் வளையலைத் திருப்பியபோது தெரியாது, அடகுக்கடைக்காரர்களுக்கும் ஒரு பாதுகாவலர் உண்டு. மீரா நகர ஆயர் நிக்கோலாஸ், பின்னாளில் கிறிஸ்துமஸ் தாத்தாவாக ஆனவர். மூன்று பெண்களைக் கட்டிக்கொடுக்க வழியில்லாத ஒருவன் வீட்டில் இரவில் மூன்று பொன்முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது கதை. அந்த மூன்று முடிப்புதான் ஐரோப்பிய அடகுக்கடை வாசலில் மூன்று பொன்னுருண்டையாகத் தொங்குகிறது என்பார்கள். இவர் இலவசமாகக் கொடுத்தவர், அவர்கள் எடை போட்டுக் கொடுப்பவர்கள். யார் சேர்த்து வைத்தார்களோ.

கடைசியாக, எனக்கு உறுத்தும் ஒருவர். ஃபெல்த்ரே பெர்னர்தீன், பிரான்சிஸ்கன், 1439 முதல் 1494 வரை வாழ்ந்தவர். அந்தோணியார் பேசியதை நிறுவனமாக்கியவர்களில் முக்கியமானவர். ஏழைகள் பொருளை வைத்துக் குறைந்த வட்டிக்குப் பணம் வாங்கும் பொது அடகு நிலையங்களை ஊர் ஊராகத் திறக்க வைத்தார். முதல் நிலையம் பெரூஜியாவில் 1462-இல், அவருக்கு முன்பே வந்தது. ஆனால் பரப்பியது இவர்தான். நம் கூட்டுறவுச் சங்க நகைக்கடனை நினைத்துக்கொள்ளுங்கள். வட்டியே வாங்காமல் நடத்த வேண்டும் என்று மற்றவர்கள் வாதாடியபோது, சம்பளமும் வாடகையும் யார் தருவது, கொஞ்சம் வட்டி இல்லாவிட்டால் நிலையம் மூடிவிடும் என்று பிடிவாதமாக நின்றார். பப்ரிசியுஸுக்கு இல்லாத கணக்கு இவருக்கு இருந்தது.

ஆனால் அதே வாயால் யூதர்களுக்கு எதிராக வெறியைக் கிளப்பினார். அவர் பேசிப் போன ஊர்களிலிருந்து யூதக் குடும்பங்கள் விரட்டப்பட்டன. திருச்சபை அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் பட்டம் கொடுத்திருக்கிறது. எனக்கு அவரிடம் கைகூப்ப மனம் வரவில்லை. அவர் திறந்த கடையில் அப்பா கடன் வாங்கியிருந்தால் தண்டல் வண்டி எங்கள் வாசலில் நின்றிருக்காது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்து அம்மாவிடம் சொன்னேன். "அவர் கோவில் இங்க எங்கயாவது இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப விடு" என்றார்.